எக்ஸ் என்று எழுதிய தண்டு

ஒருவனுடைய கோல்ஃப் மட்டைக்கு எந்தத் தண்டு பொருந்தும் என்று தெரிந்துகொள்ள அவன் பந்தை அடிப்பதைப் பார்க்க வேண்டியதில்லை. காரிலிருந்து இறங்கிக் கதவை எப்படிச் சாத்துகிறான் என்று பார்த்தால் போதும். படாரென்று சாத்துகிறவனுக்குக் கனமான, வளையாத தண்டு. கையை வைத்து மெல்ல அழுத்திச் சாத்துகிறவனுக்கு இலேசான, வளைகிற தண்டு. சாத்திவிட்டு மறுபடி திறந்து பார்க்கிறவன் எதைக் கொடுத்தாலும் குறைசொல்வான், கைக்கு வந்ததைக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

அரசாங்க வக்கீலம்மா, நான் பேசப் பேச எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். வேண்டாம். மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனால் ஏழை வாயிலிருந்து போவது அரசாங்கக் காகிதத்தில் வேறாக வந்து விழுவதை என் அப்பா காலத்திலேயே பார்த்திருக்கிறேன். நானே எழுதுகிறேன். காபியும் வேண்டாம். தண்ணீர் போதும். பாட்டில் மூடியை உங்கள் காவலர் திறந்து கொடுத்தார். அது இறுக்கமாக இருந்தது.

பெயர் ஹசிந்தோ மான்சில்யா. வயது எழுபத்தொன்று. எங்கள் மலையூர் கோல்ஃப் கிளப்பில், பை தூக்குகிறவர்கள் உட்காரும் கொட்டகைக்குப் பின்னால் என் பட்டறை. நானும் சின்ன வயதில் பை தூக்கியவன்தான். பணக்காரன் அடிப்பான், நான் பையைச் சுமந்துகொண்டு பின்னால் போவேன். திங்கட்கிழமை உறுப்பினர்களுக்குக் கிளப் மூடியிருக்கும். அன்றைக்குப் புல்வெளி எங்களுடையது. அந்தத் திங்கட்கிழமைகளில் என்னைவிடத் தூரம் அடித்தவன் அப்போது இந்தப் பக்கத்தில் இல்லை. துப்பாக்கி என்று எனக்குப் பெயர். எங்கள் ஊரில் எல்லோருக்கும் இரண்டு பெயர் உண்டு. பாதிரியார் வைத்த பெயரைக் கல்லறைக் கல்லில் வெட்டுவார்கள். மற்றபடி வாழ்வதெல்லாம் கொட்டகையில் வைத்த பெயரோடுதான்.

முதல் அடிக்கு எடுக்கும் நீளமான மட்டையை டிரைவர் என்போம். அதன் தலையைப் பார்த்துத்தான் ஜனங்கள் மயங்குவார்கள், வாங்குவார்கள். தலை சும்மா ஒரு குண்டு. வேலை முழுவதும் தண்டில் இருக்கிறது. தண்டுக்கு இரண்டே கேள்வி. எவ்வளவு கனம், எவ்வளவு வளையும். வளைவுக்கு எழுத்துப் போட்டிருப்பார்கள். எல் என்றால் பெண்களுக்கு, நன்றாக வளையும். ஆர் என்றால் சாதாரணம். எஸ் என்றால் விறைப்பு. எக்ஸ் என்றால் இரும்புக் கம்பி மாதிரி, காளைக்குப் பிறந்தவன் மட்டும் தொடலாம். எந்தக் கம்பெனியும் எல்லோருக்கும் பொதுவான அளவு வைத்து இதை எழுதுவதில்லை. ஒருவனுடைய ஆர் இன்னொருவனுடைய எஸ்ஸாக இருக்கும். ஆனால் ஆண்பிள்ளைகள் அந்த எழுத்தைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, டாக்டர் கொடுத்த சீட்டைக்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

பத்திரம் எழுதுகிற நோட்டரி ஒருவர் வருவார். தொப்பை முதலில் வரும், பிறகு அவர். கார்க் கதவைப் பூனை மாதிரிச் சாத்துவார்.

"ஏ பெருசு, எனக்கு எக்ஸ் போடு. எஸ்ஸெல்லாம் என் மாமியாருக்குக் குடு."

"மாமியார் நல்லா அடிப்பாங்களா?"

"என்னத்தான் அடிப்பா. நீ எக்ஸ் போடு."

நான் ஆர் தண்டை எடுப்பேன். எழுத்தை இலேசாகத் தேய்ப்பேன். மேலே எக்ஸ் என்று ஒட்டி, நிறமில்லாத வார்னிஷ் பூசிக் கொடுப்பேன். அடுத்த வாரம் நோட்டரி வந்து என்னைக் கட்டிப்பிடிப்பார். "பாத்தியா, எக்ஸ் போட்டதும் எப்படிப் போவுது!" இப்படித்தான் நாற்பது வருஷமாக இந்த ஊர் ஆண்பிள்ளைகளின் முதுகையும் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றி வந்திருக்கிறேன். அவனவனுக்குச் சரியான தண்டு கையில், அவனவன் விரும்பிய எழுத்து கண்ணில். இதைப் பொய் என்று நீங்கள் எழுதுவீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். யாருக்கும் ஒரு நகம்கூட நோகவில்லை.

ரூஃபினோ லுதுவேன்யாவைப் பற்றிக் கேட்டீர்கள். என் தங்கை நெலிதாவின் புருஷன். அவனும் பை தூக்கியவன். பிறகு கிளப்பில் ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைத்தது. ஆள் ஆறடி. இடி என்று பெயர். நான் தூரமாக அடிப்பதை நிறுத்தின வயதில் அவன் அடிக்க ஆரம்பித்தான், அதனால் எங்களுக்குள் போட்டி என்று எதுவும் இருந்ததில்லை. நன்றாகச் சிரிக்க வைப்பான். அவன் இருக்கும் இடத்தில் ஃபெர்னெட் என்கிற கசப்புச் சாராய பாட்டில் சீக்கிரம் காலியாகும். அவனைப் பிடிக்காதவர் இல்லை. எனக்கும் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

வசந்தகாலத்தில் ஒரு திங்கட்கிழமை, பை தூக்குகிறவர்களுக்கென்று ஒரு போட்டி நடக்கும். முடிந்ததும் கொட்டகைக்கு வெளியே கறி சுடுவோம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அது நடந்தது. கறி வெந்துகொண்டிருந்தது. ரூஃபினோ ஒரு கையில் கோப்பையோடு என் பையிலிருந்து என் டிரைவரை உருவினான். மணிக்கட்டை ஒரு தடவை ஆட்டினான். அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்த ஒரு ஆட்டத்தில் அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு திரும்ப வைத்திருக்கலாம்.

"மச்சான், இதென்ன, மீன் புடிக்கிற தூண்டிலா?"

"வை மாப்ளே. கறி கருகுது."

"எக்ஸ்னு போட்டிருக்கே. எக்ஸ் இப்படியா ஆடும்? நாய் வாலு மாதிரி ஆடுது!" கட்டைவிரல் நகத்தால் சுரண்டினான். வார்னிஷ் உரிந்தது, ஒட்டின காகிதம் உரிந்தது. அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "எல்! சாமி சத்தியமா எல்! நம்ம துப்பாக்கி பொம்பளைத் தண்டுலயா சுடுறான்!"

கறி சுடுகிறவனைத் தவளை என்று கூப்பிடுவோம். அவன் இடுக்கியை நீட்டிக் கும்பிட்டான். "துப்பாக்கி இல்லப்பா. சீமாட்டி! சீமாட்டிக்கு ஒரு நாற்காலி போடுங்கடா, கால் வலிக்கப்போவுது."

அந்த எல் அங்கே எப்படி வந்தது என்று நான் அப்போதே சொன்னேன். பழைய தண்டு ஒன்றின் காகிதம் அடியில் தங்கிவிட்டது, அவ்வளவுதான். கேட்பதற்கு அங்கே யாருக்கும் காது இல்லை. சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு ரோஷம் வரவில்லை, வக்கீலம்மா. தொழிலுக்கு ஏற்பட்ட கேடுதான் மனதில் ஓடியது. மறுநாளிலிருந்து ஊரில் ஒவ்வொருவனும் தன் தண்டை நகத்தால் சுரண்டிப் பார்க்க ஆரம்பித்தான். நோட்டரி சுரண்டினார். உள்ளே ஆர் இருந்தது. அதற்கப்புறம் அவருக்குப் பந்து நேராகப் போகவே இல்லை. அதே தண்டு, அதே கை. நாற்பது வருஷமாக நான் கட்டிக் காத்த நம்பிக்கையை ஒரு கோப்பை ஃபெர்னெட்டுக்காக ஒருவன் சுரண்டிப் போட்டுவிட்டான். காரணம் இதுதான். அந்தப் பட்டப்பெயர் அல்ல.

பெயர் என்னவோ ஒட்டிக்கொண்டது. ரொட்டிக் கடைக்காரி "சீமாட்டிக்கு அரை டஜன்" என்று உள்ளே குரல் கொடுத்தாள். கோயிலில் பூசை நடுவே சமாதானம் சொல்லிக் கை குலுக்குவோமே, அப்போது பக்கத்து வரிசைக்காரன் என் கையைப் பிடித்துக் குனிந்து முத்தம் கொடுத்தான், சீமாட்டிகளுக்குக் கொடுப்பது மாதிரி. என் மனைவியின் கல்லறையைச் சுத்தம்செய்கிற ஆள்கூட ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டு மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். இதையெல்லாம் உங்களுக்கு விவரம் தெரியட்டும் என்று எழுதுகிறேன். நான் பொருட்படுத்தவில்லை.

ரூஃபினோ இரண்டு நாள் கழித்து ஒரு தட்டில் கறித்துண்டு கொண்டுவந்தான்.

"கோவமா மச்சான்?"

"என்ன கோவம்?"

"அதானே. நீ பெரிய மனுசன். நான்தான் குரங்கு."

அதோடு அவன் மறந்துவிட்டான். சிரிக்க வைக்கிறவர்களுக்கு அது ஒரு வசதி.

அடுத்து வந்த குளிர்காலத்தில் அவன் முதுகு போனது. தோட்டத்தில் ஒரு அடுப்புக் கல்லைத் தூக்கியிருக்கிறான். நகரத்து ஆஸ்பத்திரியில் இடுப்புப் பக்கத்து முதுகெலும்பில் கம்பி வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். பல மாதம் படுக்கை. எழுந்து நடக்க ஆரம்பித்தபோது, கால் மரத்துப்போகாமல் தப்பித்ததே பெரிது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆட்டம் வேண்டும் என்று இவன் அழுதிருக்கிறான். சரி, மிக இலேசான மட்டை, மெதுவான வீச்சு, அதற்கு மேல் ஒரு பிடி வேகம் வைத்தாலும் கம்பி விட்டுவிடும், அப்புறம் என்னிடம் வராதே என்றாராம். இதை என்னிடம் சொன்னது நெலிதா. அவனைக் கைத்தாங்கலாகப் பட்டறைக்கு அழைத்து வந்தவளும் அவள்தான்.

"அண்ணே, டாக்டர் சொன்னத நல்லாக் கேட்டுக்க. இலேசு. இலேசுலயும் இலேசு. உன்ன விட்டா இவருக்கு யாரு பாத்துப் போடுவா?"

ரூஃபினோ முக்காலியில் உட்கார்ந்தான். பாதியாக இளைத்திருந்தான். "மச்சான், எனக்கு எல் போட்டாலும் சரி. எழுத்த மறைக்காத. ஊரே பாக்கட்டும். உனக்கும் ஒரு துணை ஆச்சு!" சிரித்தான், இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"நடந்து காட்டு," என்றேன்.

நடந்தான். கதவைச் சாத்தச் சொன்னேன். சாத்தினான். அவனுக்கு என்ன வேண்டும் என்பதில் எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. நாற்பது கிராம் சொச்சம் எடை, எல்லுக்கும் ஆருக்கும் நடுவே வளைவு, நுனியில் கொஞ்சம் இளக்கம், நீளத்தில் அரை அங்குலம் குறைவு. பின்னால் கொண்டுபோய் நிறுத்தாமல் திரும்புகிறபோது தண்டே மிச்ச வேலையைச் செய்துவிட வேண்டும், முதுகு அறியக் கூடாது. அப்படி ஒரு தண்டு என் அலமாரியில் இருந்தது. அதைத்தான் போட்டேன். என் வாழ்க்கையில் நான் பொருத்தின தண்டுகளிலேயே இதைவிடச் சரியானது ஒன்றில்லை. இதை உங்கள் காகிதத்தில் கண்டிப்பாக எழுத வேண்டும்.

ஒன்று மட்டும் மாற்றினேன். எழுத்தை ஒட்டவில்லை. சுரண்டுகிற ஊராகிவிட்டதே. பழைய வர்ணத்தை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டுக் கருநீலம் பூசி, எடையையும் எழுத்தையும் தூரிகையால் அதன்மேலேயே எழுதி, மூன்று பூச்சு வார்னிஷ் கொடுத்தேன். சுரண்டினால் நகம்தான் உடையும்.

முதல் வாரங்களில் அவன் குழந்தை மாதிரி இருந்தான். மெதுவாக வீசுவான், பந்து தானாக எழுந்து போகும். பழைய தூரம் இல்லை, ஆனால் நேராகப் போகும். அவன் முகத்தில் ரத்தம் ஏறியது. நெலிதா எனக்குப் பாலாடை இனிப்புச் செய்து அனுப்பினாள். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அப்படியே விட்டிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை, உறுப்பினர்கள் முழுக்கக் கூடியிருக்கிற நேரம். அவன் ஆட்டம் தொடங்குகிற முதல் மேடையிலிருந்து ஒரு அடி அடித்தான். பந்து யூகலிப்டஸ் வரிசையைத் தாண்டிப் போய் நடுவில் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவன் மட்டையைத் தலைக்கு மேல் தூக்கி, பட்டறைப் பக்கம் திரும்பிக் கத்தினான். "சீமாட்டி கை பட்டதுய்யா! சீமாட்டி வாழ்க!" நோட்டரி சிரித்தார். நோட்டரியின் மனைவி சிரித்தாள். நன்றிக்காகத்தான் கத்தினான், தெரியும். நான் கதவில் நின்று கையை உயர்த்தினேன்.

அந்தச் சனிக்கிழமைதான் நான் முடிவுக்கு வந்தேன். அதற்கு முன்னால் என் மனதில் எதுவும் இல்லை.

அடுத்த வாரம், பசை இளகியிருக்கிறது, பார்த்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். தலையைச் சூடுகாட்டிக் கழற்றி இரண்டாவது தண்டைப் போட்டேன். கொஞ்சம் கனம், கொஞ்சம் விறைப்பு. வெளியே அதே கருநீலம், அதே எழுத்து, அதே எடை எண். கனம் கையில் தெரியாமல் இருக்க ஒரு வழி உண்டு. பிடி ரப்பருக்கு அடியில், தண்டின் மேல்முனைக்குள், ஒரு ஈயக்கட்டியை இறக்கினால் தலை இலேசானது போலத் தோன்றும். ஆட்டிப்பார்க்கிறவன் ஏமாந்துவிடுவான். மட்டையோ மொத்தத்தில் இன்னும் கனத்திருக்கும். கையை ஏமாற்றலாம், முதுகெலும்பை ஏமாற்ற முடியாது.

சில வாரம் கழித்துப் பிடி தேய்ந்துவிட்டது என்று வாங்கினேன். மூன்றாவது தண்டு. அதற்குப் பிறகு நான்காவது. நீங்கள் என் பட்டறையில் எடுத்த மூன்று கருநீலத் தண்டுகள் அப்படிக் கழற்றி வைத்தவைதான். வர்ணம் ஒன்றுபோல் இருக்கிறதே எப்படி என்று உங்கள் நிபுணர் கேட்டார். ஒரே டப்பா வர்ணம். நான்கையும் ஒரே நாளில் பூசிக் காயப்போட்டேன், அவன் முதன்முதலில் வந்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போன அன்றைக்கு. டப்பாவைத் திறந்தால் மிச்சம் காய்ந்துவிடும். சிக்கனம்தான், வேறு நினைப்பில்லை.

அவன் தூரம் குறைந்தது. நெலிதாவோடு வந்தான்.

"மச்சான், இது என்னமோ பலகை மாதிரி இருக்கு. முன்னாடி பந்து தானா போச்சு. இப்ப அடிச்சா மண்டை வரைக்கும் வலிக்குது."

"மட்டை அதே மட்டைதான். எழுத்தப் பாரு."

அவன் பார்த்தான். நகத்தால்கூடச் சுரண்டவில்லை. ஊரில் எல்லோருடைய தண்டையும் சுரண்ட வைத்தவன் தன் தண்டை மட்டும் சுரண்டவில்லை. "உன் கைய நம்பாம யார் கைய நம்புறது," என்றான். "அப்ப என் ஒடம்புதான். நாப்பது கிராம் தூக்கக்கூட வக்கில்லாமப் போயிட்டேன்."

"படுத்தே கெடந்தா அப்படித்தான். மெதுவா வீசுறவனுக்கு எல்லாத் தண்டும் கம்பிதான். இன்னும் வேகம் வை. இடுப்பத் திருப்பு."

"டாக்டர் வேணாம்னாரே அண்ணே," என்றாள் நெலிதா.

"டாக்டருக்கு எலும்பு தெரியும். தண்டு தெரியுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே என்னை நம்பிப் பழகியவள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அவன் தூரம் குறையக் குறைய ஊர் அவனையும் விடவில்லை. இடி என்றவர்கள் தூறல் என்றார்கள். தவளைதான் முதலில் சொன்னான். ரூஃபினோ அதற்கும் சிரித்தான், ஆனால் வீட்டுக்குப் போய்ப் பின்கட்டில் தினமும் வீசிப் பழகினான் என்று பிறகு தெரிந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு வீசியிருக்கிறான். என்னைச் சீமாட்டி என்று கூப்பிடுவது கொஞ்சம் குறைந்தது. ஊருக்கு ஒரு நேரத்தில் ஒரு கோமாளி போதும்.

பிறகு அந்தத் திங்கட்கிழமை வந்தது. பை தூக்குகிறவர்கள் போட்டி. கறி வாசனை. அவன் முதல் மேடையில் ஏறினான். கையில் என்னுடைய நான்காவது தண்டு. காளைகளுக்குக்கூட நான் யோசித்துத்தான் கொடுப்பேன், அப்படி ஒரு தண்டு. அவன் பந்தை வைத்துவிட்டு நின்றான். மெதுவாக ஒரு அடி அடித்துவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தான். தோளைப் பார்த்தாலே தெரிந்தது. நெலிதா கயிற்றுக்குப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

நான் ஒன்றுதான் சொன்னேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

"மாப்ளே, வேணும்னா பொம்பளைங்க மேடையிலேருந்து அடியேன். முன்னாடிதான் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. அவனும் சிரித்தான். பிறகு பழைய இடி மாதிரி மட்டையைப் பின்னால் கொண்டுபோனான், முழுக்க, தோளுக்கு மேலே. அதை நிறுத்தித் திருப்ப அந்த முதுகில் ஒன்றும் இல்லை. பந்து அடிபடுகிற சத்தத்துக்கு முன்னால் இன்னொரு சத்தம் வந்தது. மற்றவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். நாற்பது வருஷமாகத் தண்டு விரிசல் விடுகிற சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்திருப்பவன் நான்.

அவன் உட்கார்ந்தான். விழவில்லை, உட்கார்ந்தான். "நெலிதா, கால எங்க காணோம்?" என்று கேட்டான். அதையும் வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள்.

எல்லோரும் அவனிடம் ஓடினார்கள். நான் மட்டையிடம் போனேன். வார்னிஷில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. வேலை சுத்தமாக இருந்தது.

இப்போது அவன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் அவனுக்கு மாத்தே இலைத் தேநீர் கலந்து கொடுப்பேன். மூத்திரப் பையை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுவேன். முகம் சுளித்ததில்லை. இந்த ஊரில் எத்தனை மைத்துனன் இதைச் செய்வான் என்று விசாரித்துப் பாருங்கள். ஒருநாள் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ சரியாத்தான் போட்டுக் குடுத்த மச்சான். நான்தான் கேக்கல. உன்னச் சீமாட்டின்னு கூப்பிட்டேன் பாரு, அதுக்குத்தான் சாமி இதக் குடுத்தான்."

"விடு," என்றேன். அவன் அழுதான். எனக்கும் அவனுக்கும் நடுவில் இருந்த கணக்கு அன்றோடு தீர்ந்தது. நான் அவனை மன்னித்துவிட்டேன்.

நெலிதா விஷயத்துக்கு வருகிறேன். அவள் கடைக்கு இனிப்பு செய்து போடுகிறவள். மாவு நிறுக்கிற தராசு எப்போதும் அடுப்படி மேஜைமேல் இருக்கும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் மாத்தே ஊற்றிக்கொண்டிருந்தபோது, மூலையில் கிடந்த அந்த டிரைவரை விற்றுவிடலாம் என்று எடுத்தாள். எடுத்தவள் கையிலேயே எடை பார்த்தாள். அவன் படுத்திருந்த மாதங்களில் அவனுடைய மட்டைகளையெல்லாம் துடைத்து எண்ணெய் போட்டவள் அவள்தான். மட்டையைத் தராசில் குறுக்கே வைத்தாள். பிறகு அவனுடைய பழைய டிரைவரை வைத்தாள், இடி என்று பெயர் வாங்கித் தந்ததை. பழையதைவிடப் புதியது கனமாக இருந்தது.

"அண்ணே."

நான் மாத்தேயை உறிஞ்சினேன்.

"இது அவரு நல்லா இருந்தப்ப வச்சிருந்ததவிட கனமா இருக்கு அண்ணே."

"உன் தராசு மாவுக்குத்தான் சரி."

அவள் கத்தியை எடுத்தாள். என் பக்கம் வரவில்லை. பிடி ரப்பரைக் கிழித்தாள். ஈயக்கட்டி மேஜையில் விழுந்து உருண்டது. பக்கத்து அறையிலிருந்து ரூஃபினோ, "என்ன சத்தம்? சீமாட்டி எதையாவது ஒடச்சிட்டாளா?" என்று கேட்டுச் சிரித்தான்.

அவள் அந்த ஈயத்தை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாக, அவனுக்குக் கேட்காதபடி சொன்னாள். "உனக்கு மணிக்கட்டு போயி ரொம்ப நாளாச்சு. ஜாடி மூடிகூட நான்தான் தெறந்து குடுக்குறேன். உனக்கு எல்தான் சரி. அதுல என்னடா வெக்கம் இருக்கு? அவரு காலு போற அளவுக்கு அதுல என்ன இருக்கு?"

அண்ணே என்று சொல்லாமல் அவள் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை. அவள் பொம்பளை, அவளுக்குத் தண்டைப் பற்றி என்ன தெரியும். பிறகு அவள் உங்களிடம் வந்தாள். வந்தது சரிதான். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ரூஃபினோ லுதுவேன்யாவின் தண்டை மாற்றியது நான். ஈயம் வைத்தது நான். கம்பி விட்டுப்போகும் என்று தெரிந்தே செய்தேன். வேகம் வை என்று சொன்னதும், மேடையில் நின்றவனைச் சீண்டியதும் நானே. யாரும் தூண்டவில்லை, குடித்திருக்கவில்லை, கோபத்தில் செய்யவில்லை. எத்தனை வருஷம் போட்டாலும் மேல்முறையீடு கேட்க மாட்டேன்.

ஆனால் நீங்கள் நேற்று வாசித்துக்காட்டிய காகிதத்தில் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. என் வீட்டிலிருந்து எடுத்த என் சொந்த டிரைவரை உங்கள் நிபுணர் அறுத்துப் பார்த்தாராம். எக்ஸ் என்று புதிதாக எழுதியிருக்கும் வர்ணத்துக்கு அடியில் எல் இருக்கிறதாம், வளைவும் எல்தானாம், குற்றவாளி தன் வயதுக்கும் கைக்கும் பொருத்தமான தண்டையே வைத்திருந்தார் என்று வேறு எழுதியிருக்கிறார். அந்த ஆள் படித்தவர், ஆனால் பொய் சொல்கிறார். இந்தக் காகிதம் நீதிமன்றத்தில் ஊர் முன்னால் வாசிக்கப்படும். நோட்டரி வருவார், தவளை வருவான்.

மற்றதெல்லாம் உண்மை. அந்த ஒரு வரியை அடித்துவிட்டுக் கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் தண்டு எக்ஸ்.